கப்பல் பெருத்தது, கரை என்ன ஆனது?

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவையும் நியூஜெர்சியின் பேயோன் நகரத்தையும் இணைக்கும் பேயோன் பாலம் 1931-இல் திறக்கப்பட்டது. அதன் சாலைத்தளம் நீர்மட்டத்திலிருந்து 151 அடி உயரத்தில் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது தாராளமான உயரம். 2013-இல் அந்தச் சாலையை மேலே ஏற்றும் வேலை தொடங்கியது. பழைய எஃகு வளைவை அப்படியே வைத்துக்கொண்டு, வாகனப் போக்குவரத்தைப் பெரும்பாலும் நிறுத்தாமல், மேலே புதிய தளம் போட்டு, கீழே இருந்த பழைய தளத்தை வெட்டி அகற்றினார்கள். இப்போது உயரம் 215 அடி. செலவு சுமார் 170 கோடி டாலர். 2017 செப்டம்பரில் 14,000-க்கு மேல் கன்டெய்னர் கொள்ளும் 'சிஎம்ஏ சிஜிஎம் தியோடர் ரூஸ்வெல்ட்' அந்தப் பாலத்தின் கீழே நுழைந்து உள்துறைமுகத்துக்குப் போனது. கப்பல்கள் உயர்ந்துகொண்டே போனதால் ஒரு நகரம் தன் பாலத்தைத் தூக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.

கப்பலைக் கட்டப் பணம் போட்டவர்கள் வேறு, பாலத்தை உயர்த்தப் பணம் போட்டவர்கள் வேறு. பாலத்துக்கான பணம் துறைமுக ஆணையம் என்ற பொது அமைப்பிலிருந்து வந்தது. இன்னும் பெரிய கப்பல் வாங்கலாம் என்று முடிவெடுத்த எந்த அலுவலகமும் அந்தப் பாலத்துக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை. ராட்சதக் கன்டெய்னர் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது நீளம், அகலம், உலக சாதனை என்றே பேச்சு போகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பருமனால் மிச்சமாவது எவ்வளவு? மிச்சம் யாருக்குப் போகிறது? அதற்கான செலவை யார் தலையில் கட்டுகிறார்கள்? ஓர் அளவுக்கு மேல் கப்பல் பெருத்ததில் வந்த லாபம் பெரும்பாலும் கடலிலேயே தங்கிவிட்டது, செலவு மட்டும் கரையேறிவிட்டது என்பது என் முடிவு. அதற்கான ஆதாரங்களைப் பார்ப்போம்.

பேயோன் பாலத்துக்கு அப்பால் இருக்கும் நியூவார்க் துறைமுகத்திலிருந்துதான் கன்டெய்னர் கதையே தொடங்குகிறது. மால்கம் மெக்லீன் லாரி கம்பெனி நடத்தியவர். லாரியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கி, கப்பலில் மறுபடி மூட்டை மூட்டையாக ஏற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை. பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று கேட்டார். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறைச் சரக்காக ஏற்றினால் டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆகும் காலம் அது. பெட்டியாக ஏற்றியதில் டன்னுக்கு 16 சென்ட்டுதான் ஆனது. இதற்கு மேல் யாரையும் வாதாடி நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

அவரிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளரின் பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது. பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள வார்ப்பெஃகுக் கட்டைகளையும், அவற்றுக்குள் நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் ட்விஸ்ட் லாக்கையும் கொடுத்தவர் அவர். அந்தக் காப்புரிமையை மெக்லீன் மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுத்தார். அதனால்தான் எந்த நாட்டுப் பெட்டியையும் எந்த நாட்டுக் கிரேனும் தூக்க முடிகிறது. 20 அடி, 40 அடி என்ற அளவுகள் 1960-களின் கடைசியில் சர்வதேசத் தரமாயின. கப்பலின் கொள்ளளவை 20 அடிப் பெட்டிக் கணக்கில் சொல்வது அன்றிலிருந்து வழக்கம். துறைமுகத்தில் அதை டி.இ.யு. என்பார்கள். கீழே வரும் கொள்ளளவு எண்கள் எல்லாம் அந்தக் கணக்குதான்.

முதல் முப்பது ஆண்டுகளில் கப்பல் அகலத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது: பனாமா கால்வாயின் பழைய மதகுகள். 32 மீட்டருக்குச் சற்று மேல் போனால் நுழைய முடியாது. 1988-இல் அமெரிக்கன் பிரசிடென்ட் லைன்ஸ் அந்தக் கடிவாளத்தை அறுத்துக்கொண்டு அகலமான கப்பல்களை இறக்கியது. பனாமா வழியாகப் போகாத பாதைக்கு அந்த அளவு எதற்கு என்பது அவர்கள் கணக்கு. அதன்பின் வேகம் பிடித்தது. 2006-இல் மெர்ஸ்க் நிறுவனத்தின் 'எம்மா மெர்ஸ்க்' வந்தபோது நீளம் 397 மீட்டர். 2013-இல் 'ட்ரிபிள் ஈ' வகைக் கப்பல்கள், 18,000 பெட்டி. 2017-இல் 'ஓஓசிஎல் ஹாங்காங்', 21,413. 2023-இல் 'எம்எஸ்சி இரினா', 24,346. நீளம் கிட்டத்தட்ட 400 மீட்டர், அகலம் 61 மீட்டர். பத்தாண்டில் நீளம் ஏறவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அகலத்திலும் அடுக்கின் உயரத்திலும்தான் கூடுதல் பெட்டிகள் போய் உட்கார்ந்தன. 400 மீட்டருக்கு மேல் நீண்டால் கப்பலைத் திருப்பிக் கட்டத் துறைமுகங்களில் இடம் கிடைப்பது அரிது.

பெரிய கப்பலால் என்ன மிச்சம்? கணக்கு எளிதானது. கொள்ளளவு இரட்டித்தால் எஃகின் அளவு இரட்டிப்பதில்லை, எரிபொருளும் இரட்டிப்பதில்லை, மாலுமிகள் எண்ணிக்கை ஏறுவதே இல்லை. 24,000 பெட்டி சுமக்கும் கப்பலில் இருபத்து சொச்சம் பேர்தான் இருப்பார்கள். அதே எண்ணிக்கை ஐயாயிரம் பெட்டிக் கப்பலிலும் இருக்கும். ஆனால் அடிக்கடி மறைந்துபோகும் ஒரு விஷயம் உண்டு: வேகம். கப்பல் ஒரு நாளைக்கு எரிக்கும் எண்ணெய் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அன்றாட எரிபொருளில் கால்பங்குக்கு மேல் குறையும். 'எம்மா மெர்ஸ்க்' கட்டப்பட்டபோது மணிக்கு 25 நாட்டிகல் மைல் ஓடுவதற்கான ஒற்றை ராட்சத எஞ்சின் வைத்தார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த 'ட்ரிபிள் ஈ' கப்பல்கள் மெதுவாக ஓடுவதற்கென்றே வரையப்பட்டவை.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச போக்குவரத்து மன்றம் 2015-இல் இதை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இந்த விவாதத்தில் முக்கியமானது. 15,000 பெட்டிக் கப்பலிலிருந்து 19,000 பெட்டிக் கப்பலுக்கு மாறியதில் ஒரு பெட்டிக்கு மிச்சமானதில் பாதிக்கு மேல் பருமனால் வரவில்லை, மெதுவாக ஓடுவதற்கேற்ற வடிவமைப்பால் வந்தது என்று அது காட்டியது. அந்த மிச்சத்தைச் சிறிய கப்பலிலும் பெற்றிருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். பருமன் ஏற ஏற ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் லாபம் குறைந்துகொண்டே வருகிறது, துறைமுகச் செலவோ கூடிக்கொண்டே போகிறது என்றும் அந்த அறிக்கை எச்சரித்தது.

அப்படியானால் எதற்கு வாங்கினார்கள்? போட்டியாளன் வாங்கிவிட்டான், அதற்காகத்தான். ஒருவன் பெட்டிக்கு ஐம்பது டாலர் குறைவாக ஏற்றிப் போனால் மற்றவன் சும்மா இருக்க முடியாது. எல்லாரும் வாங்கியதும் கடலில் இடம் நிறைய, சரக்கு குறைவு. கட்டணம் சரிந்தது. 2016 ஆகஸ்ட் 31 அன்று தென்கொரியாவின் ஹான்ஜின் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதன் கப்பல்களைப் பல துறைமுகங்கள் உள்ளே விடவில்லை, கட்டணம் யார் தருவார்கள் என்ற பயம். சரக்கோடும் மாலுமிகளோடும் கப்பல்கள் நடுக்கடலில் காத்துக் கிடந்தன. அடுத்த இரண்டே ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கின. மூன்று ஜப்பானிய நிறுவனங்கள் சேர்ந்து ஒன்றாயின, காஸ்கோ ஹாங்காங்கின் ஓஓசிஎல்லை வாங்கியது, மெர்ஸ்க் ஹாம்பர்க் சூடை வாங்கியது. இன்று உலகக் கன்டெய்னர் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முதல் பத்து நிறுவனங்களிடம் இருக்கிறது. கோவிட் காலத்தில் சரக்குக் கட்டணம் பல மடங்கு ஏறியபோது, பெரிய கப்பலால் வந்த சிக்கனம் ஏற்றுமதியாளரின் பில்லில் எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

இனிக் கரைக்கு வருவோம். 61 மீட்டர் அகலக் கப்பலில் குறுக்கே 24 பெட்டிகள் வரிசையாக நிற்கும். கரையில் நிற்கும் கிரேனின் கை அந்தக் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். எட்டாத கிரேனை உயர்த்த வேண்டும், இல்லை என்றால் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். கிரேன் கனமானால் தளத்தின் அடித்தூண்கள் அதைத் தாங்க வேண்டும். கப்பல் முழுச் சுமையோடு 16 மீட்டருக்கு மேல் நீரில் அமிழும், ஆகவே அதற்கும் கீழே தோண்ட வேண்டும். இழுவைப் படகுகளுக்குக் கூடுதல் குதிரைத்திறன் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் ஆயிரம் ஆயிரமாக வந்த பெட்டிகள் இப்போது ஒரே நாளில் ஐயாயிரமாக வந்து குவியும். அதற்கு யார்டில் இடம், லாரி, ரயில், சுங்க அதிகாரிகள் எல்லாம் அந்த ஒரு நாள் உச்சத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். மற்ற நாட்களில் கிரேன்கள் சும்மா நிற்கும்.

ஏற்றி இறக்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அதன் நுட்பம் புரியும். கப்பலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க முகவரி உண்டு. 340684 என்று எழுதியிருந்தால், முதல் இரண்டு இலக்கங்கள் முன்னிருந்து பின்னாக எந்த வரிசை என்பதைச் சொல்லும். இரட்டைப்படை என்பதால் அது 40 அடிப் பெட்டி. நடு இரண்டும் கப்பலின் மையத்திலிருந்து எத்தனையாவது என்பதைச் சொல்லும்: இரட்டைப்படை இடப்பக்கம், ஒற்றைப்படை வலப்பக்கம். கடைசி இரண்டு உயரம். 82-இல் தொடங்கினால் மேல்தளம், ஆகவே 84 என்பது மேல்தளத்தில் இரண்டாவது அடுக்கு. முதலில் இறங்க வேண்டியது மேலே, கனமானது கீழே, தீப்பிடிக்கக்கூடியது தனியே, குளிர்பெட்டிகள் மின்சாரச் செருகி இருக்கும் இடத்தில். இத்தனையையும் பார்த்துத் திட்டம் போடுகிறவர் பல நேரங்களில் கப்பலைப் பார்த்ததே இல்லாமல், வேறு நாட்டு அலுவலகத்தில் திரையின் முன் உட்கார்ந்திருப்பார்.

அந்தத் திட்டம் சரியாக அமைய ஒவ்வொரு பெட்டியின் எடையும் உண்மையாக இருக்க வேண்டும். 2007-இல் ஆங்கிலக் கால்வாயில் சேதமடைந்து கரையேற்றப்பட்ட 'எம்எஸ்சி நேப்போலி' கப்பலின் மேல்தளப் பெட்டிகளை எடைபோட்டபோது ஐந்தில் ஒன்று அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 2016 ஜூலை 1 முதல்தான் எடைபோட்டுச் சான்று தராமல் பெட்டியை ஏற்றக்கூடாது என்ற விதி உலகம் முழுதும் வந்தது.

இயந்திரமயம் என்று எவ்வளவு பேசினாலும் சில வேலைகள் இன்னும் மனிதக் கையில்தான். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கித் தரையிலிருந்து இடுப்புயரத்தில் நிறுத்தும்போது, நாலு மூலையிலும் தொங்கும் ட்விஸ்ட் லாக்குகளை ஆட்கள் குனிந்து கழற்றுவார்கள். பக்கத்தில் தொங்குவது முப்பது டன்னாக இருக்கலாம். கப்பலின் மேலே லாஷிங் தொழிலாளர்கள் நீளமான இரும்புக் கம்பிகளைப் பெட்டியின் மூலைத் துளையில் மாட்டித் திருகி இறுக்குவார்கள். மழையோ வெயிலோ, ஈரத்தில் வழுக்கும் ஒடுங்கிய மேடைமீது நின்று செய்ய வேண்டிய வேலை. அடுக்கு எட்டு ஒன்பது என்று உயர உயர, கம்பி எட்டுவது கீழ் அடுக்குகளுக்குத்தான். மேலே இருப்பவை ட்விஸ்ட் லாக்கை நம்பி நிற்கின்றன. 2020 நவம்பரில் பசிபிக்கில் 'ஒன் ஏபஸ்' கப்பல் ஒரே புயலில் 1,800-க்கு மேற்பட்ட பெட்டிகளைக் கடலில் கொட்டியது.

இந்தக் கப்பல்களை வரவேற்கத் துறைமுகங்கள் செய்தவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஷாங்காயின் பழைய துறைமுகம் யாங்சி ஆற்றின் வண்டலில் சிக்கியிருந்தது. அவர்கள் கடலுக்குள் இருந்த யாங்ஷான் தீவுகளைத் தேர்ந்து, 32.5 கிலோமீட்டர் நீளத்துக்கு டோங்ஹாய் பாலம் கட்டி 2005-இல் துறைமுகத்தைத் திறந்தார்கள். ஷாங்காய் 2010-இல் சிங்கப்பூரை முந்தி முதலிடம் பிடித்தது, 2024-இல் 5 கோடி டி.இ.யு.வைத் தாண்டியது. இது ஓர் அரசு தன் உற்பத்தி முழுவதையும் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு, மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி ஆகாது. ஹாம்பர்க் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றை ஆழப்படுத்த ஆண்டுக்கணக்கில் சுற்றுச்சூழல் அமைப்புகளோடு வழக்காடி, 2022-இல்தான் வேலை முடிந்தது. ஆற்றுக்கு அந்த ஆழம் இயல்பானதல்ல, வண்டல் திரும்பத் திரும்ப வந்து படிகிறது. தூர்வாரும் செலவு வரி கட்டுகிறவர்களுடையது. அவ்வளவு செய்தும் கப்பல் நிறுவனம் நினைத்தால் அடுத்த பருவத்திலேயே தன் சேவையை வேறு துறைமுகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். துறைமுகம் இடம் பெயர முடியாது.

சிங்கப்பூரின் கதை தனி. 1972 ஜூன் 23 அன்று தஞ்சோங் பகாருக்கு 'நிஹோன்' என்ற கப்பல் சுமார் 300 பெட்டிகளோடு வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கன்டெய்னர் நிறுவனம்கூட வருவதாக உறுதி சொல்லாத நிலையில் தளம் கட்டத் துணிந்தார்கள். ஒரு காலத்தில் அந்த வார்ஃபுகளில் மூட்டை சுமந்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். இப்போது நகரத்தை ஒட்டிய பழைய தளங்களை எல்லாம் காலிசெய்து, மேற்கே துவாஸில் கடலைத் தூர்த்து ஒரே பெருந்துறைமுகமாக்குகிறார்கள். 2022-இல் முறையாகத் திறந்தார்கள். 2040-களில் முடியும்போது ஆண்டுக்கு 6.5 கோடி டி.இ.யு. கையாளும் திட்டம். யார்டுக்குள் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றன. அவ்வளவு தயாராக இருந்த துறைமுகமே 2024-இல் திணறியது. யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலால் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த கப்பல்கள் நேரம் தவறி, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிந்தன. சில கப்பல்கள் ஒரு வாரம் வரை காத்திருந்தன. கைவிட்ட கெப்பல் தளங்களை மறுபடி திறக்க வேண்டியிருந்தது.

வேலை இழந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனின் உள்துறைமுகங்கள் 1967-இலிருந்து 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெஸ்ட் இந்தியா டாக்ஸ் இருந்த இடத்தில் இன்று கேனரி வார்ஃபின் வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. துறைமுகத் தொழில் ஃபெலிக்ஸ்டோவுக்கும் டில்பரிக்கும் நகர்ந்தது, கிழக்கு லண்டனின் தொழிலாளர் குடும்பங்கள் அதோடு நகரவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரைத் தொழிலாளர்கள் 2024 அக்டோபரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காக மட்டும் அல்ல, ஆளில்லாக் கிரேன்கள் வருவதைத் தடுக்கவும்தான். முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. லண்டனில் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பருமன் கொண்டுவரும் ஆபத்துக்கு எல்லாரும் அறிந்த உதாரணம் 'எவர் கிவன்'. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, 29-ஆம் தேதிதான் விடுபட்டது. நானூறு மீட்டர் கப்பலுக்குக் கால்வாய் நெடுகப் பக்கவாட்டில் இடம் குறைவு. காற்று தள்ளினால் பெட்டி அடுக்கு முழுவதும் பாய்மரமாகிவிடும். அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். கப்பல் விடுபட்ட பிறகும் இழப்பீட்டுத் தகராறில் ஜூலை 7 வரை எகிப்திலேயே பிடித்து வைக்கப்பட்டது. அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி. கடல் வணிகத்தில் ஜெனரல் ஆவரேஜ் என்றொரு பழைய விதி உண்டு. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கு வைத்திருக்கும் அத்தனை பேரும் மதிப்புக்கேற்பப் பங்குபோட வேண்டும். நூறு பெட்டிக் கப்பலில் அந்த விதி நியாயமாக இருந்திருக்கலாம். இருபதாயிரம் பெட்டிக் கப்பலில், ஒரே ஒரு பெட்டி பனியன் அனுப்பிய சிறு ஏற்றுமதியாளரும் பிணைத்தொகை கட்டினால்தான் தன் சரக்கைப் பார்க்க முடியும். இன்ஷூரன்ஸ் எடுக்காதவர் கதி அதோகதி.

2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் 'டாலி' கப்பல் மின்சாரம் போய்த் தடுமாறி, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கிட்டத்தட்ட 10,000 டி.இ.யு. கொள்ளும் அந்தக் கப்பல் இன்றைய அளவில் நடுத்தரம்தான். பாலம் திறந்த 1977-இல் அவ்வளவு பெரிய கன்டெய்னர் கப்பல் உலகில் எங்கும் இல்லை. கப்பலில் பெரும்பாலோர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். போகவிருந்த ஊர் கொழும்பு.

கொழும்பு வரை வந்துவிட்டால் நம் ஊர்க் கணக்கையும் எடுத்துவிடலாம். திருப்பூரில் தைத்த ஆடை தூத்துக்குடிக்கு லாரியில் வரும். சி.எஃப்.எஸ். என்ற சரக்கு நிலையத்தில் பெட்டிக்குள் ஸ்டஃபிங் ஆகி, ஃபீடர் என்ற சிறு இணைப்புக் கப்பலில் ஏறும். ஒரு நாளுக்குள் கொழும்பு போய்ச் சேரும். அங்கே தாய்க்கப்பல் வரும்வரை யார்டில் காத்திருந்து, பிறகு ஐரோப்பா போகும். இப்படிக் கப்பல் மாறிப் போகும் இந்தியாவின் பரிமாற்றச் சரக்கில் ஏறக்குறைய 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்படுகிறது, அதில் பெரும்பங்கு கொழும்பில் என்று ஒன்றிய அரசே சொல்லியிருக்கிறது. தூத்துக்குடியில் 2024-இல் திறந்த புதிய முனையத்துக்கு 14 மீட்டருக்கு மேல் ஆழம் உண்டு. நடுத்தரத் தாய்க்கப்பல்கள் நேரடியாக வர அது போதும். 24,000 பெட்டிக் கப்பலுக்குப் போதாது. அந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் எண்ணம். ஏற்றுமதியாளருக்கு வேண்டியது வாரத்துக்கு இரண்டு நேரடி சேவை, நம்பகமான தேதி. அதற்கு ஏழாயிரம், எட்டாயிரம் பெட்டிக் கப்பலே தாராளம். ஆழத்தில் போட்டிபோட்டுக்கொண்டு கோடிகளைக் கடலில் கொட்டுவதைவிட அது புத்திசாலித்தனம்.

ஆழம் இயற்கையாகவே உள்ள இடம் கேரளத்தின் விழிஞ்ஞம். 18 முதல் 20 மீட்டர், சர்வதேசக் கப்பல் பாதைக்கும் பத்து நாட்டிகல் மைல் தூரம்தான். அங்கேயும் அலைதடுப்புச் சுவர் கட்டத்தான் வேண்டியிருந்தது, சுமார் 3 கிலோமீட்டர். அதற்கான கல்லில் பெரும்பகுதி கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் குவாரிகளிலிருந்து போனது. குமரி மாவட்டச் சாலைகளில் பகலும் இரவும் ஓடிய கனிமவள லாரிகளை எதிர்த்து மக்கள் மறியல் செய்ததை அந்தப் பக்கத்தவர்கள் அறிவார்கள். 2022-இல் விழிஞ்ஞம் மீனவர்கள் கரையரிப்பைச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார்கள். துறைமுகம் வந்தால் கரை அரிக்குமா என்று கேட்பவர்கள் சென்னைக்கு வந்து பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. 2016-இல் குமரியின் இனயத்துக்குப் பெட்டகத் துறைமுகம் அறிவிக்கப்பட்டபோது மீனவ ஊர்கள் திரண்டு எதிர்த்ததற்குப் பின்னால் இந்த அறிவு இருந்தது. எதிர்ப்புக்குப் பின் இடத்தை அதே மாவட்டத்தின் கோவளம் பக்கம் மாற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்ப்பு வந்தது.

2025 ஜூன் 9 அன்று 'எம்எஸ்சி இரினா' விழிஞ்ஞத்தில் வந்து நின்றது, உலகின் ஆகப் பெரிய வகைக் கன்டெய்னர் கப்பல். அதே நாளில் கேரளத்தின் வடபகுதிக் கடலில், கொழும்பிலிருந்து நவசேவாவுக்குப் போன 'வான் ஹாய் 503' வெடித்துத் தீப்பிடித்தது. 22 பேரில் நான்கு பேர் காணாமல் போனார்கள். அதற்கு இரண்டு வாரம் முன், மே 25-இல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்எஸ்சி எல்சா 3' 640-க்கு மேற்பட்ட பெட்டிகளோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அதிலிருந்து சிதறிய வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையில் மட்டும் அல்லாமல் குமரிக் கரையிலும் ஒதுங்கின. இந்த இரண்டு கப்பல்களும் ராட்சதக் கப்பல்கள் அல்ல. எல்சா 1997-இல் கட்டப்பட்ட சிறிய கப்பல். பெருங்கப்பல் சில துறைமுகங்களில் மட்டும் நிற்கும், மற்ற ஊர்களுக்கு அதன் சரக்கை இத்தகைய சிறு கப்பல்கள்தான் பிரித்துச் சுமக்கும். நடுத்தரக் கப்பல் நேராக வந்திருந்தால் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும் பெட்டி, இங்கே இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. நம் கரையோரக் கடலில் நெரிசலும் அதற்கேற்பக் கூடுகிறது. பெரிய கப்பலைப் பற்றிப் பேசும்போது அதன் ஃபீடர்களையும் சேர்த்தே கணக்கெடுக்க வேண்டும்.

2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எரிந்து ஜூன் 2-இல் மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' ஒரு ஃபீடர்தான். ஆனால் கட்டி நான்கு மாதம்கூட ஆகாத புத்தம்புதுக் கப்பல், ஆகவே பழசு என்று பழியைத் தள்ள முடியாது. 1,486 பெட்டிகள். நைட்ரிக் அமிலம் கசிந்தது தெரிந்து, இறக்கிவிடக் கேட்டபோது முந்தைய இரண்டு துறைமுகங்கள் மறுத்துவிட்டன. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரையில் பரவின. ஆமைகளும் மீன்களும் செத்து ஒதுங்கின, நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். கப்பலின் எடைக்கு ஏற்ப உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் சர்வதேச உடன்படிக்கைப்படி, லண்டன் நீதிமன்றம் அந்தப் பொறுப்பை சுமார் 1.9 கோடி பவுண்டு என்று நிர்ணயித்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் கட்டச் சொன்னது 100 கோடி டாலர். இரண்டுக்கும் இடையில் இருக்கும் தொகைதான் கரை சுமக்கும் தொகை.

எல்சா வழக்கில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டது. உயர் நீதிமன்றம் அதே குழுமத்தின் 'அகிடேட்டா 2' என்ற கப்பலை விழிஞ்ஞத்தில் தடுத்து வைத்தது. பின்னர் கட்ட வேண்டிய பிணையை 1,227 கோடியாகக் குறைத்தது. அந்தப் பிடியாவது கிடைத்ததற்கு, அந்தக் குழுமத்தின் கப்பல்கள் அந்தத் துறைமுகத்துக்கு வாராவாரம் வருவதுதான் காரணம். குமரிக் கரையில் சாக்குப்பையோடு குருணை பொறுக்கிய ஊர்களுக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. அவர்கள் கரையில் எந்தக் கப்பலும் நிற்பதில்லை.